முதலில் மெக்கானிக், அப்புறம் ஆம்ப்: பழைய உயர்தர ஆம்ப்ளிஃபையரா, புதியதா?

கையில் 60,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்குக் கடையில் ரிமோட், புளூடூத், வாரண்டி அட்டை சகிதம் ஒரு புது ஸ்டீரியோ ஆம்ப் கிடைக்கும். அதே பணத்துக்கு, தன் காலத்தில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு விலைக்கு விற்ற, தனியாளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற ஒரு பழைய ஆம்ப்பும் கிடைக்கும். இசை கேட்பதில் புதிதாக ஆர்வம் வந்தவர்கள் பலரும் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். நானும் நின்றேன். அவசரப்பட்டேன்.

நான் வாங்கியது 90-களில் வந்த ஒரு ஜப்பான் ஆம்ப். விற்றவர் சத்தமாக வைத்துக் காட்டினார், சுவரே அதிர்ந்தது. மயங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்து மெதுவாக வைத்தால், இடது பக்கம் பாட்டே இல்லை. வால்யூமைத் திருகினால் திடீரென்று வரும், குறைத்தால் போய்விடும். உள்ளே ஸ்பீக்கருக்குப் போகும் ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சின்ன ஸ்விட்ச்) தொடுமுனையில் கறுப்புப் படிந்திருந்தது, அவ்வளவுதான். சில நூறு ரூபாய்ப் பொருள். ஆனால் அதைக் கண்டுபிடித்துச் சரியாக மாற்றத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் ஆம்ப் மேசைமேல் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும்: ஆம்ப்பைத் தேடுவதற்கு முன்னால் மெக்கானிக்கைத் தேடுங்கள். நல்ல மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பழையதை வாங்கலாம். இல்லையென்றால் புதியது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வீட்டில் இருப்பதை முதலில் பாருங்கள்

ஸ்பீக்கரின் பின்பக்கத்தையோ அதன் கையேட்டையோ பார்த்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. மற்றது எத்தனை ஓம் என்பது: ஸ்பீக்கர் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற எண், குறையக் குறைய ஆம்ப்புக்கு வேலை அதிகம்.

87 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட்டில் 87, 10 வாட்டில் 97, 100 வாட்டில் 107 டெசிபல். ஹாலில் உட்கார்ந்து சாதாரணமாகக் கேட்கும் சத்தம் 70, 80-க்குள்தான் இருக்கும். அதாவது பெரும்பாலான நேரம் உங்கள் ஆம்ப் ஓரிரண்டு வாட்டுக்கு மேல் உழைப்பதில்லை. மிருதங்கத்தில் ஒரு அடி, தவிலில் ஒரு வீச்சு வரும்போது மட்டும் அதைப்போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு ஒரு கணத்துக்குத் தேவைப்படும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 50 வாட் ஆம்ப்பை விட்டு 100 வாட் ஆம்ப்புக்குப் போகிறவருக்குக் கிடைப்பது இவ்வளவுதான். (90-களில் டூ-இன்-ஒன் பெட்டிகளில் ‘பி.எம்.பி.ஓ. 1000 வாட்’ என்று ஊதிப் பெருக்கிய எண்ணை ஒட்டியிருப்பார்களே, அதை நம்பி வளர்ந்த தலைமுறை நாம். வாட் கணக்கில் நமக்குக் கொஞ்சம் மருந்து தேவை.)

அப்படியானால் உயர்தர ஆம்ப்பில் கூடுதல் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி டிரான்ஸ்ஃபார்மருக்கும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கண்டென்சர்களுக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்குக்கும், கனமான பெட்டிக்கும். ஓம் எண்ணை இங்கேதான் பார்க்க வேண்டும். 8 ஓமில் 80 வாட் தரும் நல்ல ஆம்ப், 4 ஓமில் ஏறக்குறைய 150 வாட் தரும். மின்சாரத்தை அள்ளிக் கொடுக்க அதனால் முடிகிறது என்று அர்த்தம். மலிவான ஆம்ப் 4 ஓமில் மூச்சு வாங்கும், அல்லது ‘6 ஓமுக்குக் கீழே இணைக்காதே’ என்று பின்னால் எழுதியிருக்கும். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம், சென்சிட்டிவிட்டியும் 84, 85 என்றால் பழைய கனமான ஆம்ப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 8 ஓம், 90 டெசிபல் என்றால் கடையில் கிடைக்கும் நடுத்தரப் புது ஆம்ப்பே தாராளமாகப் போதும். பழைய பெரிய பெட்டியை அழகுக்காக வாங்குகிறேன் என்று உங்களிடமே ஒப்புக்கொண்டு வாங்குங்கள். தப்பில்லை.

மெக்கானிக்கை எப்படி எடைபோடுவது

ஊரில் டி.வி., மைக் செட், ஹோம் தியேட்டர் எல்லாம் பார்க்கும் திறமைசாலிகள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் உயர்தர ஆம்ப்பில் வேலை செய்ய வேறொரு பொறுமை வேண்டும். நான் கேட்கும் கேள்விகள் இவை: இந்த மாடலுக்குச் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதைப் பார்த்துச் செய்வீர்களா? ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றினால் பயாஸ் (பாட்டு ஓடாதபோதும் அதில் ஓட வேண்டிய சிறு மின்சாரம்) எப்படி வைப்பீர்கள்? டிரான்சிஸ்டர் எங்கே வாங்குகிறீர்கள்?

கடைசிக் கேள்வி முக்கியம். தோஷிபாவின் சி5200, ஏ1943 ஜோடியைப் போல அதிகம் பயன்படும் டிரான்சிஸ்டர்களுக்கு அசல் மாதிரியே அச்சடித்த போலிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. மேலே எழுத்து அதேதான். உள்ளே சிலிக்கான் துண்டு சின்னதாக இருக்கும். மெதுவாகப் பாடும்வரை தெரியாது, ஒருநாள் சத்தம் கூட்டினால் வெடிக்கும், போகிற போக்கில் ஸ்பீக்கரையும் கொண்டுபோகும். பல டிரான்சிஸ்டர்களின் வேலையை ஒரே துண்டில் அடக்கிய சான்யோவின் எஸ்.டி.கே. ஐ.சி.க்கள் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிறது. சந்தையில் ‘புதுசு’ என்று கிடைப்பவற்றில் போலிகள் ஏராளம். அதனால் எஸ்.டி.கே. ஐ.சி. வைத்த பழைய ஆம்ப் எவ்வளவு மலிவாக வந்தாலும் புதியவர்கள் ஒதுங்கிப் போகலாம். தனித்தனி டிரான்சிஸ்டர் வைத்துச் செய்ததுதான் நீண்ட நாள் பிழைக்கும்.

நல்ல மெக்கானிக் விலை சொல்வதற்கு முன் ‘கொண்டாங்க, திறந்து பாக்கலாம்’ என்பார். பார்க்காமலேயே ‘ஐ.சி. போயிருக்கும், மாத்திடலாம் சார்’ என்பவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. ஆனால் அது பொருள் வாங்கும் இடம். மெக்கானிக்கை அங்கே உள்ள கவுன்டர்காரர்களிடம் விசாரித்துப் பிடிக்கலாம். யார் அடிக்கடி வந்து எதை வாங்கிப் போகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எவ்வளவு பழசு?

ஆம்ப்பில் முதலில் கிழவனாவது கண்டென்சர். டப்பா போன்ற எலக்ட்ரோலிடிக் கண்டென்சரின் உள்ளே இருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றுகிறது. அதன் மேல் ‘85 டிகிரி’ என்று போட்டிருக்கும். தரம் பொறுத்து அந்த வெப்பத்தில் 2000 மணி நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் 32,000 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் கேட்டால் 22 வருடம் போலக் கிடைக்கும். அதே ஆம்ப்பைக் காற்றுப் போகாத டி.வி. ஸ்டாண்டுக்குள் திணித்து 55 டிகிரியில் வைத்தால் அது 11 வருடமாகிவிடும். துல்லியமான கணக்கல்ல, ஆனாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: எத்தனை வருடப் பழசு என்பதைவிட, எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்பது பெரிது.

5 முதல் 12 வருடம் வரையிலான ஆம்ப்தான் புதியவர்களுக்கு என் முதல் சிபாரிசு. முதல் வாங்கியவர் விலைச் சரிவைத் தாங்கிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பது இன்னும் வற்றியிருக்காது. உதிரிகளும் பெரும்பாலும் கிடைக்கும். 15 முதல் 25 வருடம் என்றால் கண்டென்சர், ரிலே வேலை சீக்கிரம் வரும் என்று பணம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள். 70-களின் வெள்ளி முகப்பு மராண்ட்ஸ், பயனியர், சான்சூயி என்றால் அது இன்னொரு உலகம். அவற்றை முழுதாகப் புதுப்பித்தவரிடமிருந்து, செய்த வேலைக்குப் பில்லோடு வாங்கினால் உண்டு. ‘அப்பா வைத்திருந்தது, பரணில் இருந்தது, ஓடும்’ என்று சொல்லி விற்பதை முதல் ஆம்ப்பாக வாங்காதீர்கள். அந்தக் காலத்து ஜப்பான் பலகைகளில் பெரிய கண்டென்சர்கள் ஆடாமல் இருக்க ஒரு பசை போட்டிருப்பார்கள். வருடங்கள் போகப் போக அது பழுப்பாகி, பக்கத்தில் உள்ள கம்பிகளை அரித்து, மின்சாரத்தையும் கடத்த ஆரம்பிக்கும். சுரண்டி எடுக்கவே ஒரு நாள் ஆகும்.

சினிமா பார்க்கும் ஏ.வி. ரிசீவரைப் பழையதாக வாங்கவே வேண்டாம். டி.வி.யோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. முறை 2009 முதல் 1.4, 2.0, 2.1 என்று பலமுறை மாறிவிட்டது. உள்ளே இருக்கும் டிஜிட்டல் பலகை செத்தால் பெரும்பாலும் பழுது பார்க்க வழியில்லை. பொதுவாகவே பழையதில் பட்டன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

பின்பக்க லேபிளில் வோல்டேஜ்

இங்கேதான் பணம் புகையாகப் போகும். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த ஆம்ப் 100 வோல்ட். அமெரிக்காவுக்குச் செய்தது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஏலத் தளங்களில் மலிவாகத் தெரியும் நல்ல ஆம்ப்கள் பல இந்த 100 வோல்ட் வகை. நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது.

வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் கடையில் சுலபமாகக் கிடைப்பது 110 வோல்ட் கொடுக்கும் வகை. ராத்திரி நேரத்தில் நம் லைன் 245-க்கு ஏறினால் அது 117 கொடுக்கும். 100 வோல்ட் ஆம்ப்புக்கு அது பதினேழு சதவீதம் அதிகம். சரியாக 100 கொடுக்கும்படி சுற்றச் சொல்லி வாங்க வேண்டும், லேபிளில் உள்ள வாட்டைப்போல ஒன்றரை இரண்டு மடங்கு தாங்கும் அளவில். ஹெர்ட்ஸ் விஷயத்தில் ஜப்பான் ஆம்ப்புக்குப் பயமில்லை: அந்த நாட்டிலேயே டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60 என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே செய்திருப்பார்கள். அமெரிக்க ஆம்ப்பில் ‘60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால் 50-இல் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், ‘ம்ம்’ என்று முனகும். சில மாடல்களில் பின்னாலேயே வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கும்; சிலவற்றில் உள்ளே ஒயரை மாற்றினால் 230 ஆகும். மெக்கானிக்கிடம் லேபிள் படத்தை அனுப்பிக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

போய்ப் பார்க்கும் நாள்

ஒரு மணி நேரமாவது இருப்பேன் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் வரும்போது ஆம்ப் அணைந்திருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். ஏற்கெனவே சூடேற்றி வைத்த ஆம்ப் பல நோய்களை மறைக்கும். கையோடு ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், நன்றாகத் தெரிந்த பாட்டுகள் உள்ள போன், அதை இணைக்க ஒயர்.

முதலில் போடாமலேயே பாருங்கள். மூடியின் திருகுகளில் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது குற்றமல்ல, ‘இதுவரை திறந்ததே இல்லை’ என்று சொல்லிக்கொண்டே தேய்ந்த திருகைக் காட்டினால்தான் யோசிக்க வேண்டும். காற்றுத் துளை வழியாக டார்ச் அடியுங்கள். பல்லி எச்சம், கரப்பான் முட்டை, எறும்பு மண்: நம்மூர் ஆம்ப்பில் இதெல்லாம் சகஜம், பல்லி இரண்டு முனைக்கு நடுவே படுத்துச் செத்து ஆம்ப்பையும் சாகடித்த கதை மெக்கானிக்குகளிடம் நிறைய உண்டு. கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் பின்பக்க சாக்கெட்டுகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சென்னைச் சரக்கு என்றால் இன்னொன்று: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் புகுந்த வீடுகள் எத்தனை! அடித்தகட்டில் ஒரே மட்டத்தில் துருக்கோடு, மூலையில் காய்ந்த வண்டல் தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துப் போடச் சொல்லுங்கள். சில வினாடிகளில் உள்ளே ‘டிக்’ என்று ரிலே பிடிக்கும் சத்தம் வரும். வராவிட்டால் பாதுகாப்புச் சுற்று எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது. வந்தபின், ஸ்பீக்கருக்குப் போகக் கூடாத டி.சி. (நேர்மின்சாரம்) கசிகிறதா என்று, மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்டில் வைத்து ஒவ்வொரு பக்க ஸ்பீக்கர் முனையிலும் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக் பார்க்க வேண்டிய விஷயம். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரையே மாட்டாதீர்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போகக் கூடாது.

ஸ்பீக்கரை மாட்டியபின் எல்லாரும் செய்யும் தவறு, உடனே சத்தமாக வைப்பது. மெதுவாக வையுங்கள். காது ஒட்டிக் கேட்கும் அளவு மெதுவாக. என் ஆம்ப்பில் இருந்த ரிலே நோய் அந்தச் சத்தத்தில்தான் தெரியும்: மின்சாரம் குறைவாக ஓடும்போது கறுப்புப் படிந்த முனையைத் தாண்ட முடியாது, சத்தம் கூடினால் முட்டித் தள்ளிக்கொண்டு வந்துவிடும். இப்போது ஒரு பழைய பாட்டைப் போடுங்கள். 60-களின் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ பதிவுகள். இரண்டு பக்கமும் ஒரே சத்தம் என்பதால் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். வால்யூமை மெல்ல ஏற்றி இறக்கும்போது குரல் ஒரு பக்கமாக நகர்ந்தால் வால்யூம் கன்ட்ரோல் தேய்ந்திருக்கிறது. கரகரப்பு மட்டும் என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும். அதற்காக ஆயிரக்கணக்கில் விலை குறைக்கலாம், ஆனால் வாங்காமல் வர வேண்டியதில்லை.

ஒவ்வொரு இன்புட்டையும் போட்டுப் பாருங்கள். ஹெட்ஃபோன், டோன் கன்ட்ரோல், பேலன்ஸ் எல்லாவற்றையும் திருகுங்கள். அப்புறம்தான் சத்தம். முக்கால் மணி நேரம் ஓடியபின் இரு பக்க ஹீட் சிங்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஆம்ப்களைப் போல ஏ.பி. வகை என்றால் வெதுவெதுப்பு, பாட்டு ஓடாதபோதும் நிறைய மின்சாரம் இழுக்கும் ஏ வகை என்றால் நன்றாகச் சுடும். எதுவானாலும் இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் பச்சைத் தண்ணீர் என்றால் பயாஸ் தவறிவிட்டது, அல்லது அதைவிட மோசம்.

விற்பவர் மூடியைத் திறக்க ஒப்புக்கொண்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்வைக்கு மட்டும் பாருங்கள். விரல் வைக்காதீர்கள், பெரிய கண்டென்சர்கள் அணைத்தபின்னும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உப்பிய கண்டென்சர், கருகிய பலகை, ஒரே வரிசையில் வேறு வேறு எழுத்து அச்சிட்ட டிரான்சிஸ்டர்கள் தெரிந்தால் படம் எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்புங்கள்.

பணம்

60,000 ரூபாயையும் பழைய ஆம்ப்பில் போடாதீர்கள். 45,000-க்கு மேல் போக வேண்டாம். மீதி சர்வீஸுக்கும் வண்டிக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி, கூரியர், ஸ்டெப்-டவுன் மூன்றையும் கூட்டியபிறகு விலையைப் பாருங்கள். பல நேரம் அதோடு ஆசை அடங்கிவிடும்.

ஏ வகை ஆம்ப் என்றால் மின்சாரமும் கணக்கில் வரும். பாட்டே ஓடாவிட்டாலும் 200 வாட் இழுக்கும் ஒன்றைத் தினம் நாலு மணி நேரம் போட்டால் இரண்டு மாதக் கணக்கில் 48 யூனிட். அந்த 200 வாட்டும் அறையில் சூடாகத்தான் இறங்கும், மே மாதத்தில் ஏ.சி. அதையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

பழையதில் ஒரு பெரிய லாபம் உண்டு: நியாய விலைக்கு வாங்கி, ஒழுங்காக வைத்திருந்தால், இரண்டு வருடம் கழித்துக் கிட்டத்தட்ட அதே விலைக்கு விற்கலாம். புது ஆம்ப் கடையை விட்டு வெளியே வந்த அன்றே விலை இறங்கிவிடும். அதனால் ‘எனக்கு என்ன பிடிக்கும் என்றே இன்னும் தெரியாது’ என்பவருக்குப் பழையது நல்ல பள்ளிக்கூடம், மெக்கானிக் இருந்தால்.

புதியதே சரி என்பது யாருக்கு

சின்ன ஊரில் இருக்கிறீர்கள், நம்பகமான மெக்கானிக் இல்லை. வீட்டில் டி.வி.யும் இதே ஸ்பீக்கரில் ஓட வேண்டும், அம்மாவும் ரிமோட்டில் இயக்க வேண்டும். அல்லது அடிக்கடி வீடு மாறுகிறீர்கள். இதில் ஒன்று பொருந்தினாலும் யோசிக்காமல் புதியது. யமஹா, மராண்ட்ஸ், டெனான், கேம்பிரிட்ஜ் ஆடியோ என்று எதை வாங்கினாலும் டி.வி.யின் சத்தத்தை ஆம்ப்புக்குக் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இணைப்பு உண்டா, ரெக்கார்ட் பிளேயருக்கு ஃபோனோ இன்புட் உண்டா, உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர் எங்கே, இந்திய வாரண்டியா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ‘புதுசு’க்குப் பெரும்பாலும் இங்கே வாரண்டி செல்லாது.

இன்னும் குறைந்த பணத்தில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ. 3255 போன்ற சிப் வைத்த, மின்சாரத்தை வேகமாகத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கும் டி வகைச் சின்ன ஆம்ப்கள் இருக்கின்றன. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது; பெரிதாகச் சூடாவதில்லை; சத்தம் சுத்தம். எடையில்லாத ஆம்ப் எப்படிப் பாடும் என்று நானும் ஏளனம் செய்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது பல பாட்டுகளில் எனக்கு வித்தியாசம் சொல்ல முடியவில்லை. கெட்டுப்போனால் தூக்கி எறிய வேண்டியதுதான், அதுதான் வருத்தம்.

பழையதையே வாங்கிவிட்டீர்களா?

கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள். உள்ளே பல கிலோ டிரான்ஸ்ஃபார்மர் ஓரிரு போல்ட்டில்கூட நிற்கலாம்; ஒருமுறை கீழே விழுந்தால் அடித்தகடு வளைந்து பலகையையும் கிழிக்கும். காரில் பின் சீட்டில் வைத்து நீங்களே கொண்டுவாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் இரண்டு பெட்டி, நடுவில் கெட்டியான ஃபோம்.

நேரே சுவரில் செருகாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் சீரிஸ் லாம்பில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு வழியாக மின்சாரம் போகும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பல்பு இல்லாதிருந்தால் எரிந்திருப்பது டிரான்சிஸ்டர்கள். ஏ வகை மட்டும் விதிவிலக்கு, அது சும்மாவே பல்பை எரிய வைக்கும். வந்த வேகத்தில் ரிலே, பயாஸ், டி.சி. மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வீட்டில் எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் மாட்டுங்கள். கரன்ட் போய்த் திரும்பி வரும் நேரத்தில் வோல்டேஜ் எகிறும். போனவுடனேயே ஆம்ப்பை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடும் பழக்கம் நல்லது. மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். தூசிக்குப் பயந்து துணி போட்டு மூடுகிறவர்கள், ஆம்ப் ஆறியபின் மூடி, போடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். அந்தத் துணி பல்லியையும் ஓரளவு தடுக்கும்.